மாடிக்குச் சொட்டுநீர், தரைக்கு மண்பானை: கோடைத் தோட்டத்தில் எது தண்ணீரை மிச்சப்படுத்தும்?

கத்தரி, தக்காளி காய்க்கும் பருவத்தில் இருக்கும் ஒரு குரோ பேக்குக்கு (செடி வளர்க்கும் பை), அக்னி நட்சத்திர வெயிலில் நாளுக்கு ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். இருபது பைக்கு 30 லிட்டர். ஹோஸில் நிமிடத்துக்கு 12 லிட்டர் வந்தால் (வாளி வைத்துப் பிடித்துப் பாருங்கள்), பத்து நிமிடத்தில் 120 லிட்டர் போய்விடும். மிச்சமுள்ள 90 லிட்டர் அடித்துளை வழியே, உரத்தையும் கரைத்துக்கொண்டு தளத்தில் ஓடும். அதனால் ஹோஸ் வேண்டாம். பூவாளி சிக்கனமானது, ஆனால் பத்துப் பைக்கு மேல் கை வலிக்கும். உண்மையான போட்டி சொட்டுநீருக்கும், செடி அருகே புதைத்து நீர் நிரப்பும் மண்பானைக்கும்தான்.

சொட்டுநீருக்கு 16 மி.மீ. லேட்டரல் பைப் (பைகளை ஒட்டிப் போகும் குழாய்), வலை ஃபில்டர், பைக்கு ஒரு டிரிப்பர் (தண்ணீர் சொட்டும் முனை) போதும். பலர் ஏமாறுவது அழுத்தத்தில். டிரிப்பரில் எழுதியிருக்கும் மணிக்கு 4 லிட்டர் என்ற அளவு, பொதுவாகப் பத்து மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தத்துக்கானது. மாடிப்படி அறை மேலுள்ள தொட்டி இரண்டரை மீட்டர்தான் தரும். அந்த அழுத்தத்தில் மணிக்கு 2 லிட்டர்தான் சொட்டும். முக்கால் மணி நேரம் திறந்தால் பைக்கு ஒன்றரை லிட்டர், கணக்கு சரி. மூட மறந்து இரவெல்லாம் விட்டால் தொட்டியே காலியாகலாம். டைமர் வாங்குவதானால் அழுத்தமே இல்லாமலும் திறக்கும் பால் வால்வு வகையைக் கேளுங்கள். சொலினாய்டு (மின்காந்த வால்வு) வகை இந்த உயரத்துக்குப் பெரும்பாலும் சரிவராது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் டிரிப்பர் வாய் வெள்ளை பூத்து அடைபடும். கழற்றி ஓர் இரவு வினிகரில் ஊறவைக்க வேண்டும். பையில் நிரப்பிய தென்னை நார்க்கழிவு ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் சொட்டும் தண்ணீரைச் சட்டென ஏற்காமல் போகலாம், தண்ணீர் ஒரே கோடாக அடிக்கு இறங்கிவிடும். அப்போது மேலே கிளறி, பூவாளியால் இரண்டு தடவை நனைத்த பிறகே சொட்டுநீருக்குத் திரும்புங்கள்.

தரையில் பாகல், புடலை, பூசணி போட்டிருந்தால் எங்கள் ஓட்டு பானைக்கு. மின்சாரம் வேண்டாம், வால்வு வேண்டாம். மண் காயக் காயப் பானை கசியும், ஈரமானால் தானே மெதுவாகும். வர்ணமும் பளபளப்பும் இல்லாத ஐந்து லிட்டர் பானையை வாங்கி, நிரப்பி வையுங்கள். சில மணி நேரத்தில் வெளிப்புறம் ஈரம் காட்டவில்லையென்றால் அது தோட்டத்துக்கு ஆகாது. கழுத்து வரை புதைத்து, வாயை ஓட்டால் மூடுங்கள். திறந்து கிடந்தால் டெங்கு கொசு முட்டையிடும். ஓர் அடிக்குள் நான்கு செடி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பல். விதை போட்டதும் பானையை நம்பி விட்டுவிடக் கூடாது, வேர் எட்டும் வரை முதல் சில வாரம் மேலேயும் ஊற்ற வேண்டும். மணற்பாங்கான மண்ணில் ஈரம் பக்கவாட்டில் அதிகம் பரவாது, செடியை நெருக்கி வையுங்கள். முருங்கை, மா அருகே புதைத்தால் வேர் பானையை உடைக்கும். சுற்றிலும் மண் காய்ந்திருந்தும் நீர்மட்டம் இறங்கவில்லையென்றால் உப்பு துளைகளை அடைத்திருக்கிறது. பிரஷால் தேய்த்துப் பாருங்கள், இல்லாவிட்டால் மாற்றுங்கள்.

இரண்டில் எதை வைத்தாலும் முதலில் மூடாக்கு: காய்ந்த இலையோ தேங்காய் நாரோ மூன்று விரல்கடை உயரம், தண்டை ஒட்டாமல். ஒட்டினால் தண்டு அழுகும்.