எஸ்எம்ஏ: முதுகில் ஊசியா, வாயில் சிரப்பா?

குழந்தைக்கு எஸ்எம்ஏ, அதாவது முதுகுத்தண்டுவடத் தசைச் சிதைவு என்று தெரிந்ததும், ஊசியா சிரப்பா என்பதில்தான் பல பெற்றோர் குழம்புகிறார்கள். நுசினெர்சென் என்ற ஊசி 2016-லும் ரிஸ்டிப்ளாம் என்ற சிரப் 2020-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இரண்டின் வேலையும் ஒன்றுதான்: எஸ்எம்என்2 என்ற துணை மரபணுவை, தசையை இயக்கும் நரம்பணுக்களுக்குத் தேவையான முழுப் புரதம் தயாரிக்க வைப்பது. இறந்துபோன நரம்பணுக்களை இரண்டுமே மீட்காது.

முறை
ஊசி: முதல் இரண்டு மாதத்தில் நான்கு முறை, அப்புறம் நான்கு மாதத்துக்கு ஒருமுறை, தண்டுவட நீருக்குள்.
சிரப்: தினமும், வீட்டிலேயே. குழந்தை துப்பிவிட்டாலும் அன்றைக்கு மறுபடி ஊட்டக் கூடாது. மறுநாள் வழக்கமான நேரத்தில்தான். இதில்தான் பலர் பதறுகிறார்கள்.

சேரும் இடம்
ஊசி: பெரும்பாலும் மூளை, தண்டுவடம்.
சிரப்: உடல் முழுக்க.

அளவு
ஊசி: மேலே சொன்ன முறையில் வயது, எடை பார்க்காமல் 12 மில்லிகிராம்.
சிரப்: 20 கிலோ வரை வயதும் எடையும் பார்த்து, அதற்கு மேல் 5 மில்லிகிராம். சின்னக் குழந்தைக்கு மருந்து குறைவாகவே போதும்.

கவனம்
ஊசி: ஒவ்வொரு முறையும் தட்டணு, ரத்த உறைவு, சிறுநீர்ப் புரதச் சோதனை.
சிரப்: ஃபிரிட்ஜ் வேண்டும். கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்குக் கருத்தடையும் அவசியம்.

முதுகெலும்பு வளைந்து கம்பி வைத்தவர்களுக்கு ஊசி நுழைய இடம் தேடுவதே பெரும்பாடு; அவர்களுக்கு சிரப்தான் என்பேன். தினசரி மருந்து அடிக்கடி தவறும் வீட்டுக்கும், கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்ணுக்கும் சிரப் சரிவராது. மருந்து தவறும் வீட்டுக்கு ஊசி. அந்தப் பெண் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும்.