கரி அடுப்புக்கு கேஸ்கெட் மாற்ற ஆள் கூப்பிடுகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

முட்டை வடிவ பீங்கான் கரி அடுப்பு, அதாவது கமாடோ வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் காற்று கசியாமல் அடைக்க ஒட்டியிருக்கும் பட்டை, அதாவது கேஸ்கெட், தேய்ந்துபோனதால், மாற்றித் தரச் சொல்லி ஒரு சர்வீஸ்காரர்களை அழைத்தேன். கேஸ்கெட் போனது போக, அடுப்பின் விளிம்பும் போனதுதான் மிச்சம். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் வேண்டாம். வேலை நடந்த விதத்தை மட்டும் சொல்கிறேன்.

கேஸ்கெட் போனதை நான் கண்டுபிடித்தது கரியை வைத்துத்தான். இந்த அடுப்பில் சமையல் முடிந்ததும் கீழ்க் காற்றுவழியையும் மேல் வால்வையும் மூடிவிட்டால், காற்றில்லாமல் தீ அணைந்துவிடும்; மிச்சக் கரி அடுத்த முறைக்கு ஆகும். என் அடுப்பில் மறுநாள் திறந்தால் சாம்பல் மட்டுமே இருந்தது. வெப்பத்தையும் குறைத்து நிறுத்த முடியவில்லை. மூடியின் முன்பக்கம் புகை கசிந்துகொண்டே இருந்தது. மூன்றும் சேர்ந்தால் அநேகமாகக் கேஸ்கெட்தான் காரணம்.

வந்தவர் அடுப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கேஸ்கெட் இல்லாமல் இனி ஒருதரம் பற்றவைத்தாலும் பீங்கான் வெடித்துவிடும் சார், இன்றே மாற்றிவிடலாம்" என்றார். இது வெறும் பயமுறுத்தல். கேஸ்கெட் முழுக்கக் கருகிப்போனாலும் அடுப்பு வெடிக்காது. காற்று கசியும், கரி கூடுதலாகத் தீரும், மிதமான சூட்டில் நெடுநேரம் சமைப்பது சிரமம், அவ்வளவுதான். அப்படியே வைத்துச் சமைப்பவர்கள் நிறையப் பேர். ஆகவே 'இன்றே' என்று அவசரப்படுத்தும் ஆளை அந்த இடத்திலேயே அனுப்பிவிடலாம்.

அடுத்தது பழைய பட்டையை எடுக்கும் வேலை. முறையாகச் செய்தால், மொத்த வேலையில் நேரம் பிடிப்பது இதுதான். புட்டி பிளேடு மாதிரி ஒரு தகட்டைப் படுக்கையாகப் பிடித்துக் கருகிய ஃபெல்ட்டை, அதாவது இழைகளை அழுத்திச் செய்த பட்டையை, சுரண்ட வேண்டும். அடியில் பழைய பசை கெட்டித்துக் கிடக்கும். துணியில் கொஞ்சம் அசிட்டோன் தொட்டுத் தேய்த்தால் இளகிவரும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பு முழுக்க ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது, ஆவி போகும்வரை காத்திருக்கவும் வேண்டும். இந்தப் பொறுமை நம்மவருக்கு இல்லை. கம்பிச் சக்கரம் மாட்டிய கிரைண்டரை விளிம்பில் வைத்து ஓட்டினார். நிறுத்தச் சொல்லிக் கத்துவதற்குள் மெருகுப் பூச்சு இரண்டு மூன்று இடங்களில் பெயர்ந்துவிட்டது. "கேஸ்கெட் போட்டால் மறைந்துவிடும்" என்றார். கண்ணுக்கு மறையும், சரி. பள்ளத்தின் வழியே காற்று போவதை எது மறைக்கும்?

அத்தனை முரட்டுத்தனத்துக்குப் பிறகும் பழைய பசை திட்டுத் திட்டாக மிச்சம் இருந்தது. அதன் மேலேயே புதிய பட்டையை ஒட்டினார். மூலைக்கு மூலை இழுத்துப் பிடித்து ஒட்டினார், அதனால் பட்டை மிச்சமும் ஆனது. கேஸ்கெட்டை இழுத்து ஒட்டவே கூடாது. இழுத்து ஒட்டிய பட்டை சூட்டில் பழைய நீளத்துக்குச் சுருங்கி, இரு முனையும் சேரும் இடத்தில் வாய் பிளந்துகொள்ளும். உள்பக்கம் துருத்திக்கொண்டும் இருக்கக் கூடாது; துருத்தும் பகுதியைத்தான் தீ முதலில் பிடிக்கும். என்னுடையதில் இரண்டும் நடந்தது.

"இப்போதே பற்றவைக்கலாமா?" என்று கேட்டேன். "தாராளமாக" என்றார். பொதுவாக, பசையோ பசை தடவியே வரும் பட்டையோ, ஒருநாள் முழுக்க விட்டுவிட்டு, முதல் தீயைச் சிறியதாகப் போடச் சொல்வார்கள். அவர் போனபிறகு மிதமான தீதான் போட்டேன். ரப்பர் எரிகிற நாற்றம். ஆறியபின் திறக்கப் போனால் மூடி வரவில்லை. பிதுங்கி வழிந்த பசை மேல் பட்டையையும் கீழ்ப் பட்டையையும் ஒன்றாக ஒட்டிவிட்டிருந்தது. மெல்லிய கத்தியை விட்டுச் சுற்றிவரப் பிரித்துத்தான் திறந்தேன். ஒரு பக்கப் பட்டை மூடியோடு வந்துவிட்டது, மறுபக்கம் உருகி பிளாஸ்டிக் மாதிரி இறுகியிருந்தது.

உருகியதுதான் முக்கியமான துப்பு. இந்த வேலைக்கு ஆகும் பட்டைகள் உருகாது. கம்பளி ஃபெல்ட் என்றால் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடு ஏற ஏறக் கருகும், அதனால் மென்மையான தீக்கு மட்டும் சரி. நோமெக்ஸ் எனப்படும் அராமிட் இழை அதைவிட நன்றாகத் தாங்கும். தீயில் கருகுமே தவிர சொட்டாது. கண்ணாடி இழைப் பட்டை 500 டிகிரியை ஒட்டியும் நிற்கும், ஆனால் தொட்டால் கை அரிக்கும், உறை போட்டுக்கொள்ள வேண்டும். பாலியெஸ்டர் ஃபெல்ட் 260 டிகிரிக்குள் உருகிவிடும். எனக்குப் போட்டது அதுதான் என்று நினைக்கிறேன். வெட்டி மிஞ்சிய துண்டை இடுக்கியில் பிடித்து லைட்டரில் காட்டினேன்: சுருங்கி, கறுப்பு மணியாகத் திரண்டது. கம்பளி என்றால் முடி பொசுங்கும் வாடை வரும், கெட்டியான மணி திரளாது. ரசீதில் எழுதியிருந்தது 'உயர் வெப்ப ஒரிஜினல் கேஸ்கெட்'.

பசையும் அதே கதை. நாற்றத்தைப் பார்த்தால் மரவேலைக்கும் செருப்புக்கும் போடும் கான்டாக்ட் பசை. அது 100 டிகிரியைச் சுற்றியே இளகத் தொடங்கிவிடும். பசை இல்லாமல் வரும் பட்டைக்கு, சுமார் 300 டிகிரிவரை தாங்குவதாக டியூபிலேயே எழுதியிருக்கும் சிலிக்கான் பசையை மெல்லிய படலமாகத் தடவுவார்கள்.

மறுபடி அழைத்தபோது வேறொருவர் வந்தார். "நீங்கள் தீயை அதிகம் வைத்துவிட்டீர்கள்" என்றார். அப்புறம் மூடியைத் தட்டிப் பார்த்து, "மூடி சூட்டில் வளைந்துவிட்டது, புது மூடி வாங்கினால்தான் கேஸ்கெட் நிற்கும்" என்றார். இது முதல் பொய்யைவிடப் பெரிய பொய். 1000 டிகிரிக்கு மேல் சுட்டெடுத்த பீங்கான் கரிச் சூட்டில் வளையாது. விரிசல் விடலாம், உடையலாம், வளைவது கிடையாது. மூடி கோணலாக உட்கார்ந்தால், மூடியையும் அடியையும் சுற்றிப் பிடிக்கும் இரும்புப் பட்டைகளையும் கீலையும் பார்க்க வேண்டும். போல்ட் தளர்ந்து மூடி நகர்ந்திருக்கும். சமன்படுத்தி முடுக்கினால் போதும். என்னுடையதில் கோளாறு அதுதான். பழைய கேஸ்கெட் முன்பக்கம் மட்டும் சீக்கிரம் கருகியதற்கும் அதுவே காரணமாக இருக்க வேண்டும். வந்த இருவரில் ஒருவரும் போல்ட்டில் கை வைக்கவில்லை.

வேலை சரியாக நடந்ததா என்று பார்க்க ஒரு காகிதத் துண்டு போதும். அடுப்பு ஆறியிருக்கும்போது, துண்டைப் பாதி உள்ளே பாதி வெளியே வைத்து மூடியை மூடி, மெல்ல இழுங்கள். பிடித்து வர வேண்டும். விளிம்பு நெடுக இப்படிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் கசிவு இருக்கிறது. ஆள் நிற்கும்போதே, பணம் கொடுப்பதற்கு முன்னால் செய்யுங்கள். பட்டை எந்த இழை, பசை எது, எத்தனை டிகிரி தாங்கும் என்பதை ரசீதில் எழுதித் தரவும் சொல்லுங்கள். தயங்கினால் வேலையைத் தொடங்கவே விடாதீர்கள்.

விளிம்புச் சேதத்துக்கு இழப்பீடு கேட்டிருக்கிறேன். 'வாரண்டி கேஸ்கெட்டுக்கு மட்டும், ஒட்டும் வேலைக்குக் கிடையாது' என்று பதில் வந்தது. கூடவே, உருகிய கேஸ்கெட்டைச் 'சோதனைக்காக' எடுத்துப்போக ஆள் அனுப்புவதாகவும் சொன்னார்கள். கொடுக்கவில்லை. அந்தப் பட்டை, வெட்டி மிஞ்சிய துண்டு, பெயர்ந்த விளிம்பின் படங்கள், ரசீது எல்லாம் புகாரோடு போகின்றன.