மூவாக் டேப்: ஒன்பது மாதம் கழுத்தில் போட்டுத் திரிந்த ஒரு நர்ஸின் விமர்சனம்

முதல் முறையாக ஒரு நிவாரண அமைப்பின் தொண்டராக வெளிநாடு கிளம்பியபோது என் பையில் நல்ல ஸ்டெதஸ்கோப் ஒன்று, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இரண்டு, தலையில் கட்டும் விளக்கு ஒன்று என்று ஒரு சின்ன கிளினிக்கே இருந்தது. போய்ச் சேர்ந்த மறுநாள் அகதி முகாமில் என்னிடம் ஒரு பிளாஸ்டிக் பட்டையைக் கொடுத்து, கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். ஸ்கேல் அகலம்கூட இல்லை. அதைத்தான் ஸ்டெதஸ்கோப்பைவிட அதிகம் பயன்படுத்தினேன்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மேல்கைச் சுற்றளவை அளக்கும் டேப் இது. அந்தச் சுற்றளவுக்கான ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான் மூவாக் (MUAC). 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு. கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. 12.5-க்குக் கீழே மஞ்சள். அதற்கு மேல் பச்சை. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கும் நாலு வயதுக் குழந்தைக்கும் ஒரே கோடு எப்படிப் பொருந்தும் என்று எனக்கும் சந்தேகம் வந்தது. அந்த வயதில் குழந்தை உயரமாக வளருமே தவிர, மேல்கை அவ்வளவாகப் பருக்காது. அதனால்தான் இந்த வேலை நடக்கிறது. பிறந்த தேதி தெரியாத குழந்தைகளுக்கு 65 சென்டிமீட்டரிலும் 110 சென்டிமீட்டரிலும் கோடு போட்ட ஒரு கம்பு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் தலை வந்தால் டேப் போடலாம்.

யோசனை ஒன்றும் புதிதல்ல. 1960-களின் கடைசியில் நைஜீரிய உள்நாட்டுப் போரில் பணியாற்றிய குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் தொண்டர்கள், குழந்தையின் உயரத்தோடு கைச்சுற்றளவை ஒப்பிட ஒரு குச்சி வைத்திருந்தார்கள். இப்போது குச்சியும் போய்ப் பட்டை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பார்க்கச் சுலபம், ஆனால் கை பழக வேண்டும். இடது கையை மடக்கி, தோள்பட்டை எலும்பின் நுனிக்கும் முழங்கைக்கும் சரிபாதியில் பேனாவால் ஒரு புள்ளி. அப்புறம் கையைத் தொங்கவிட்டு, டேப்பின் நுனியை அதிலேயே உள்ள துளையில் நுழைத்து இழுக்க வேண்டும். முதல் வாரம் ஒரு குழந்தைக்கு 11.3 என்று எழுதினேன். பக்கத்தில் நின்ற உள்ளூர் சுகாதாரப் பணியாளர் ஒன்றும் பேசாமல் டேப்பை வாங்கி மறுபடி அளந்தார். 11.8. குழந்தை அழுத அவசரத்தில் நான் இறுக்கிவிட்டேன். "தோல் குழியவும் கூடாது, டேப்புக்கும் தோலுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியவும் கூடாது" என்றார் அந்த அம்மா. புறப்படுவதற்கு முன் கொடுத்த பயிற்சியில் பாதுகாப்பு விதிகளுக்கு ஒரு முழு நாள் போனது. இதை யாரும் சொல்லவில்லை.

சிவப்பு வந்து, வேறு நோய் இல்லாமல், பசியும் இருந்தால் குழந்தையை வார்டில் சேர்க்க வேண்டியதில்லை. 92 கிராம் நிலக்கடலைப் பசைப் பாக்கெட்டுகளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். ஒரு பாக்கெட் 500 கலோரி.

இந்த டேப்பை நம்பி நான் ஏமாந்த கதையும் உண்டு. கன்னம் உப்பிய ஒரு பெண் குழந்தை, இரண்டு வயதிருக்கும். டேப் பளிச்சென்று பச்சை காட்டியது. சரி, அடுத்த குழந்தை என்று திரும்பிவிட்டேன். அதே சுகாதாரப் பணியாளர் அம்மாதான் கூப்பிட்டார். குழந்தையின் இரண்டு பாதங்களின் மேலும் கட்டைவிரலை வைத்து மூன்று விநாடி அழுத்தினார். விரலை எடுத்தார். இரண்டு குழிகள் அப்படியே நின்றன. உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் குவாஷியோர்கர். கை எவ்வளவு பருமனாக இருந்தாலும் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவுதான். அன்றிலிருந்து முதலில் பாதம், அப்புறம்தான் டேப். உயரத்துக்கேற்ற எடை இல்லாத சில குழந்தைகளையும் இது பச்சையில் விட்டுவிடும். தராசுக்கு மாற்று என்று நினைத்துவிடாதீர்கள்.

பொருளைப் பற்றிச் சில்லறைக் குறைகள்: தலைவிளக்கின் வெளிச்சத்தில் நிறத்தை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். புது டேப்பின் ஓரம் பிஞ்சுத் தோலைக் கீறும். ஒருமுறை வந்த டேப் கட்டு ஒன்றில் சிலவற்றின் துளை அகலமாக வெட்டப்பட்டிருந்தது. பட்டை சாய்ந்து நின்று இரண்டு மில்லிமீட்டர் கூட்டிக் காட்டியது. அந்த இரண்டு மில்லிமீட்டரில் சிவப்பு மஞ்சளாகிவிடும். அந்தக் கட்டு முழுவதையும் ஒதுக்கி வைத்தோம்.

இருந்தாலும், அம்மாக்களிடமே கொடுத்துவிடக்கூடிய மருத்துவக் கருவி வேறு எது இருக்கிறது? பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்தால் போதும். பள்ளிக்கூடமே போகாத ஒருவர் வீட்டில் அளந்து பார்த்து, மஞ்சளிலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன்.

கிளம்பும் நாளில் ஞாபகத்துக்கு ஒன்று கேட்டேன். எல்லாம் எண்ணி வைத்திருக்கிறது என்று ஸ்டோர்காரர் கையை விரித்தார். பிறகு உள்ளே போய், ஒதுக்கி வைத்த அந்த டேப் கட்டிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு வந்தார். என் மேஜை இழுப்பறையில் இருப்பது அதுதான்.