எச்-1பி கையில் இருந்தும் ஐந்து மாதம் சம்பளம் இல்லை

சின்ன கன்சல்டன்சி (ஆட்களை எடுத்து வேறு கம்பெனிகளின் ப்ராஜெக்டுக்கு அனுப்பும் நிறுவனம்) ஒன்று உங்களுக்கு எச்-1பி வேலை விசா போட்டு அமெரிக்காவுக்கு அழைக்கிறதா? டிக்கெட் எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை.

எச்-1பிக்காக மார்ச்சில் நடக்கும் குலுக்கலில் என் பெயர் வந்தது. வருடத்துக்கு 65,000 இடம், அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்குத் தனியாக 20,000. அவ்வளவு போட்டியில் பெயர் விழுந்ததே பாக்கியம் என்று இருந்துவிட்டேன். அந்த நினைப்பில்தான் கேட்க வேண்டிய எதையும் கேட்கவில்லை. "வக்கீல் ஃபீஸ், ஃபைலிங் ஃபீஸ் எல்லாம் சேர்த்து 4,000 டாலர்" என்றார்கள். கொடுத்தேன். இந்த மனுவுக்கான வக்கீல் செலவும் அரசுக் கட்டணமும் முதலாளியின் தொழில் செலவு, தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். பணம் கேட்ட அன்றே நான் விலகியிருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 21 முதல், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் என்று ஓர் உத்தரவு வந்தது அல்லவா, அதைச் சொல்லி உங்களிடம் யாராவது பங்கு கேட்டாலும் நம்பாதீர்கள்.

ஸ்டாம்பிங்குக்கு, அதாவது அமெரிக்கத் தூதரகத்தில் விசா வாங்க, போனபோது கையில் ஒரு கிளையண்ட் லெட்டர் (நான் வேலை பார்க்கப் போகும் கம்பெனியின் கடிதம்) இருந்தது. வேலை டெக்சாஸில், டாலஸ் பக்கம். அதிகாரி கேட்டார், அதையே சொன்னேன். விசா கிடைத்தது. கூடவே ஒரு சின்னக் கையேடு கொடுத்தார்கள். வேலைக்குப் போகிறவர்களின் உரிமைகள், பாஸ்போர்ட்டை யாரும் பிடுங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கும். நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால் போன்: "டாலஸ் ப்ராஜெக்ட் கொஞ்சம் தள்ளிப் போகிறது, நீங்கள் நேராக நியூ ஜெர்சி வந்துவிடுங்கள்." சரி என்று போனேன். இரண்டு அறை அபார்ட்மென்ட், அதற்கு கெஸ்ட் ஹவுஸ் என்று பெயர். ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். மூவருக்கும் ப்ராஜெக்ட் இல்லை. அன்று இரவே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

முதலில் "சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வரட்டும், அப்புறம் சம்பளம்" என்றார்கள். வரிக் கணக்குக்கான அந்த அரசு நம்பரும் வந்தது. அடுத்து "ப்ராஜெக்ட் கிடைத்ததும் சம்பளம்" என்றார்கள். மார்க்கெட்டிங் டீம் என் ரெஸ்யூமேயில் ஆறு வருட அனுபவத்தைப் புதிதாகச் சேர்த்து வெண்டர்களுக்கு (ப்ராஜெக்ட் பிடித்துத் தரும் இடைத்தரகர்களுக்கு) அனுப்பியிருந்தது. நான் வேலையே பார்க்காத கம்பெனிகள் அதில் இருந்தன. வீடியோ இன்டர்வியூவில் வேறொருவர் பதில் சொல்வார், நான் வாயை அசைத்தால் போதும் என்றார்கள். முடியாது என்றேன். அதற்குப் பின் அவர்கள் பேசும் விதமே மாறிவிட்டது.

மூன்றாவது மாதம் நடந்ததைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். "பே ஸ்டப் (சம்பளச் சீட்டு) இல்லையென்றால் உங்கள் ஸ்டேட்டஸ் (இங்கே சட்டப்படி தங்கும் தகுதி) போய்விடும். அதனால் சம்பளம் கொடுப்பது போலப் பேரோல் ஓட்டுவோம், பணத்தை மட்டும் நீங்கள் அனுப்பிவிடுங்கள்" என்றார் கணக்கு பார்ப்பவர். என் மாதச் சம்பளம் 6,500 டாலர் என்று காகிதத்தில் இருந்தது. அதோடு முதலாளி கட்ட வேண்டிய வரியையும் சேர்த்து ஏறக்குறைய 7,000 டாலரை அவர்கள் சொன்ன கணக்குக்கு நான் அனுப்ப வேண்டும். பிடித்தம் போக 5,000 சொச்சம் சம்பளம் என்ற பெயரில் எனக்கே திரும்பி வரும். அண்ணன் வீடு கட்டச் சேர்த்து வைத்திருந்த பணத்தை வாங்கி இரண்டு மாதம் இப்படி அனுப்பினேன். வேலையே இல்லாமல் மாதம் கிட்டத்தட்ட 2,000 டாலர் போனது. பணம் போனதை விட மோசம், அந்தப் பொய்க் கணக்கில் நானும் ஒரு ஆளாக இருந்தது. பயம் மனிதனை எதற்கெல்லாம் தலையாட்ட வைக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த அபார்ட்மென்ட்டின் லாண்ட்ரி அறையில் தமிழ்க்காரர் ஒருவர் பழக்கமானார். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஏது என்று விசாரித்தார். எல்லாம் சொன்னேன். "தம்பி, உங்க எல்.சி.ஏ.வைப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். அப்படி ஒரு காகிதம் இருப்பதே எனக்குத் தெரியாது.

எச்-1பி மனு போடுவதற்கு முன் முதலாளி அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம் வாங்க வேண்டிய சான்று அது. எந்த ஊரில் வேலை, என்ன சம்பளம் என்று முதலாளி உறுதி கொடுத்து அதில் கையெழுத்துப் போடுகிறார். வேலையில் சேரும் நாளுக்குள் அதன் நகலை நம்மிடம் கொடுத்தாக வேண்டும். என்னுடையதைக் கேட்டுக் கேட்டு வாங்கினேன். டாலஸ் பகுதி, வருடம் 78,000 டாலர் என்று தெளிவாக இருந்தது. வேறு பகுதிக்கு வேலையை மாற்றினால் திருத்திய மனு போட வேண்டும். எனக்கு அப்படி எதுவும் போடவில்லை.

அக்கா சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ப்ராஜெக்ட் இல்லை என்று பெஞ்சில் உட்கார வைத்தாலும் முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு, நாட்டுக்குள் நுழைந்து 30 நாளுக்குள் சம்பளம் ஆரம்பித்தாக வேண்டும். நாமே விடுப்புக் கேட்டால்தான் விலக்கு. கிளையண்ட் கிடைக்காதது முதலாளியின் பிரச்சினை. ஐந்து மாதமாக நான் எதையோ யாசகம் கேட்பது போல அவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வேலையை விடுகிறேன் என்றதும், பாதியில் விலகினால் 15,000 டாலர் கட்ட வேண்டும் என்ற பாண்டைக் காட்டினார்கள். விசாவைக் கேன்சல் செய்துவிடுவோம் என்றும் மிரட்டினார்கள். எச்-1பி தொழிலாளி முன்கூட்டியே விலகினால் அபராதம் வாங்கக் கூடாது. உண்மையான நஷ்டத்துக்கு ஈடு கேட்கலாம், அதுவும் மாநிலச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குத்தான். வக்கீல் ஒருவரிடம் காட்டினேன். அவர் எழுதிய ஒரு கடிதத்துக்குப் பிறகு பாண்டைப் பற்றி அவர்கள் பேசவே இல்லை.

வேறொரு நிறுவனத்தில் உண்மையான ரெஸ்யூமேயோடு இன்டர்வியூ கொடுத்து, குறைந்த சம்பளத்தில் வேலை வாங்கினேன். என் எச்-1பியைத் தங்கள் நிறுவனத்துக்கு மாற்ற அவர்கள் ட்ரான்ஸ்ஃபர் மனு போட்டார்கள். பே ஸ்டப் கேட்டு அமெரிக்கக் குடியேற்றத் துறையிடமிருந்து நோட்டீஸ் வந்தது. அந்த இரண்டு பொய்ச் சீட்டுகளை மட்டும் கொடுத்துத் தப்பித்துவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. கொடுக்கவில்லை. வங்கிக் கணக்கு, மின்னஞ்சல்கள், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் வைத்து நடந்ததை எழுதினோம். மனு அனுமதியானது, ஆனால் தங்கும் காலத்தை நீட்டிக்கவில்லை. நாட்டை விட்டு வெளியே போய் மறுபடி நுழைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சலும் செலவும் என் தலையில்தான். ஆகவே வந்த நாளிலிருந்தே ஒவ்வொரு மின்னஞ்சலையும் உங்கள் சொந்தக் கணக்கில் சேமித்து வையுங்கள். கம்பெனி மின்னஞ்சலை ஒரே இரவில் மூடிவிடுவார்கள்.

சம்பளப் பாக்கிக்குத் தொழிலாளர் துறையின் ஊதியப் பிரிவில் டபிள்யூ.எச்.-4 என்ற படிவத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கட்டணம் கிடையாது. புகார் கொடுத்தவரை முதலாளி பழிவாங்கக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. விதிமீறல் நடந்த 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கெஸ்ட் ஹவுஸில் என்னோடு இருந்த மூவரில் இருவர் என்னைப் பார்த்துப் புகார் கொடுத்துவிட்டார்கள். மூன்றாமவர் இன்னும் பயந்துகொண்டிருக்கிறார், போனை எடுப்பதில்லை. தம்பி, இதைப் படித்தால் என்னைக் கூப்பிடு. உனக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. படிவத்தை நாம் சேர்ந்தே நிரப்பலாம்.