எஸ்தோனியா இ-ரெசிடென்சி கார்டு: புதுச்சேரியில் இருந்து பயன்படுத்திப் பார்த்து எழுதும் விமர்சனம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் உங்களுக்கு வாடிக்கையாளர்கள் இருந்து, அவர்களுக்கு அங்கேயுள்ள ஒரு கம்பெனி பெயரில் யூரோவில் பில் போட வேண்டிய தேவை இருந்தால் இந்தக் கார்டை வாங்குங்கள், மற்றவர்களுக்கு வேண்டாம். லாஸ்பேட்டை, வில்லியனூர் பக்கம் வீட்டில் உட்கார்ந்தபடியே வெளிநாட்டு வேலை செய்யும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் "அக்கா, இது இருந்தா யூரோப்ல செட்டில் ஆகலாமா?" என்பதுதான். ஆக முடியாது. இது விசா கிடையாது, குடியுரிமை கிடையாது, ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் ஐரோப்பிய நாடுகளுக்குள் நுழையக்கூட உதவாது. பிரெஞ்சு பாஸ்போர்ட் குடும்பங்களைப் பார்த்தே வளர்ந்த ஊர் என்பதால் நமக்கு அந்த நினைப்பு சட்டென்று வந்துவிடுகிறது.

அப்புறம் என்னதான் கிடைக்கிறது என்றால், எஸ்தோனியா அரசு உங்களுக்கு ஒரு டிஜிட்டல் அடையாளம் தருகிறது. ஆன்லைனில் விண்ணப்பித்து, பாஸ்போர்ட் நகலும் போட்டோவும் ஏற்றி, எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எழுத வேண்டும். அந்த நாட்டுக் காவல் மற்றும் எல்லைக் காவல் வாரியம் உங்கள் பின்னணியைச் சரிபார்த்து ஒப்புதல் தரும். நான் டெல்லியில் உள்ள அவர்கள் தூதரகத்துக்குப் போய் கைரேகை கொடுத்து வாங்கினேன். போக வர ஆன செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், அது சின்னத் தொகை இல்லை. உறைக்குள் ஒரு கார்டு, அதைக் கணினியில் செருக ஒரு ரீடர், பின் எண்கள். ஒரு பின் உள்ளே நுழைய, இன்னொன்று கையெழுத்துப் போட. கார்டு 5 வருடம் செல்லும்.

இதன் உண்மையான மதிப்பு அந்தக் கையெழுத்தில் இருக்கிறது. டிஜிட்டலாகப் போடும் கையெழுத்து ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கக் கைப்பட இட்ட கையெழுத்துக்குச் சமம். கம்பெனி பதிவு, ஆண்டறிக்கை, வரிக் கணக்கு எல்லாமே என் வீட்டு மேசையிலிருந்து நடக்கிறது, நோட்டரி, முத்திரைத்தாள், ஜெராக்ஸ் என்று அலைச்சலே இல்லை. முன்பு கம்பெனிக்குக் குறைந்தபட்ச மூலதனம் 2,500 யூரோ காட்ட வேண்டும், 2023 பிப்ரவரியிலிருந்து அந்தக் கட்டாயமும் போய்விட்டது. ஆனால் எஸ்தோனியாவில் ஒரு சட்டப்பூர்வ முகவரியும் ஒரு தொடர்பு நபரும் வைத்தாக வேண்டும், அந்தச் சேவைக்கு வருடா வருடம் பணம் கட்டணும். வருமானமே இல்லாத வருடத்திலும் இந்தச் செலவு நிற்காது.

இவ்வளவு ஒழுங்காக ஓடுகிறதே, சோவியத்திலிருந்து பிரிந்த, நம் சென்னையைவிட மக்கள்தொகை மிகக் குறைவான ஒரு நாட்டுக்கு இது எப்படி முடிந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1991 ஆகஸ்டில் சுதந்திரம். 1992இல் விலைவாசி ஆயிரம் சதவீதத்துக்கு மேல் ஏறியது. அந்த வருடம் ஜூன் 20ஆம் தேதி ரூபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு குரூன் என்ற சொந்த நாணயத்துக்கு மாறினார்கள், பழைய சோவியத் நாடுகளில் முதலில் வெளியே வந்தது அவர்கள்தான். ஆளுக்கு 1,500 ரூபிள் வரை 10 ரூபிளுக்கு ஒரு குரூன் கணக்கில் மாற்றிக்கொள்ளலாம், 8 குரூனுக்கு ஒரு ஜெர்மன் மார்க். கையிருப்பில் தங்கமும் அந்நியச் செலாவணியும் எவ்வளவு இருக்கிறதோ அதற்கு மேல் நோட்டு அடிக்கக் கூடாது, அரசு மத்திய வங்கியிடம் கடன் கேட்கவும் கூடாது என்று சட்டத்திலேயே கட்டிப் போட்டார்கள். அதே வருடக் கடைசியில் தார்த்து வணிக வங்கி விழுந்தபோதும் அரசு பணம் போட்டுத் தூக்கிவிடவில்லை. பிரதமர் மார்ட் லாருக்கு அப்போது வயது 32. 1994இல் எல்லோருக்கும் ஒரே 26 சதவீத வருமான வரி.

அரசுத் தொழிற்சாலைகளை விற்ற விதத்தையும் பாருங்கள். செக் நாட்டில் மக்களுக்குக் கம்பெனிப் பங்கு வாங்கக் கூப்பன் கொடுத்தார்கள், முதலீட்டு நிதிகள் அவற்றை மொத்தமாகத் திரட்டிக்கொண்டன, பல கம்பெனிகள் உள்ளிருந்தே சுரண்டப்பட்டன. ரஷ்யாவில் 1995இல் அரசு வாங்கிய கடனுக்கு ஈடாகப் பெரிய கம்பெனிகளின் பங்குகள் சிலர் கைக்குப் போயின. எஸ்தோனியா பெரும்பாலும் ஜெர்மன் பாணியில் டெண்டர் விட்டு, பணமும் முதலீட்டு உறுதியும் தருகிறவர்களுக்கு விற்றது. அதோடு அரசு அலுவலகங்களையும் மாற்றிக்கொண்டே போனார்கள். 2001இல் எக்ஸ்-ரோடு என்ற தரவுப் பரிமாற்ற அமைப்பு வந்தது: ஒவ்வொரு துறையும் தன் தரவைத் தன்னிடமே வைத்திருக்கும், மற்றத் துறை கேட்டால் பாதுகாப்பாகப் போய்ச் சேரும், யார் பார்த்தார்கள் என்பது பதிவாகும். 2002இல் அடையாள அட்டை, 2005இல் இணைய வாக்குப்பதிவு, 2014 டிசம்பரில்தான் இந்த இ-ரெசிடென்சி. 2017இல் அட்டையின் சிப்பில் பாதுகாப்புக் குறை தெரியவந்தபோது, ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் பாதிக்கப்பட்டிருந்தும் அரசே வெளியில் சொல்லி, சான்றிதழ்களை நிறுத்தி, புதுப்பிக்க வைத்தது. இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு இந்தச் சேவை மேல் நம்பிக்கை.

ஆனால் எல்லோருக்கும் நல்லதாக முடியவில்லை, இதைச் சொல்லாமல் ஐந்து நட்சத்திரம் போட மனம் வரவில்லை. ரஷ்ய எல்லையில் நார்வா நகரில் 1857இல் தொடங்கிய கிரேன்ஹோல்ம் நூற்பாலை இருந்தது. சோவியத் காலத்தில் பத்தாயிரத்துக்கும் மேல் ஆட்கள் வேலை பார்த்த இடம். ஸ்வீடன் கம்பெனி வாங்கியும் நிற்காமல் 2010இல் திவாலானது. நம் ஊர் ஏ.எஃப்.டி. துணி மில் 2020இல் மூடியதைப் பார்த்த நமக்கு அது என்ன வலி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, முதலியார்பேட்டைக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். அந்த ஊரில் பெரும்பாலும் ரஷ்ய மொழி பேசுகிறவர்கள், 1992க்குப் பிறகு அவர்களில் பலருக்குக் குடியுரிமையே இல்லாமல் போனது, நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டும் இல்லை. என்னைப் போல வெளியாளுக்குக் கதவைத் திறந்த அரசு, அங்கேயே உழைத்தவர்களை அவ்வளவு காலம் காக்க வைத்ததை என்னால் நியாயம் என்று சொல்ல முடியாது.

இனி நடைமுறைச் சிக்கல்கள். வங்கிக் கணக்குதான் பெரிய தலைவலி. டென்மார்க்கின் டான்ஸ்கே வங்கியின் எஸ்தோனியக் கிளை வழியாக 2007 முதல் 2015 வரை சுமார் 200 பில்லியன் யூரோ போனதும், அதில் பெரும்பகுதி சந்தேகத்துக்குரியது என்பதும் வெளியானதிலிருந்து, வெளிநாட்டுக்காரர் என்றாலே வங்கிகள் தயங்குகின்றன. நான் கேட்ட ஒரு வங்கி காரணமே சொல்லாமல் மறுத்தது, கடைசியில் ஆன்லைன் பணப் பரிமாற்ற நிறுவனம் ஒன்றில் கணக்குத் திறந்தேன், வேலை நடக்கிறது.

வரி விஷயத்தில் யூடியூப் வீடியோக்களை நம்பாதீர்கள். எஸ்தோனியாவில் 2000 முதல் கம்பெனிக்குள்ளேயே விட்டுவைத்த லாபத்துக்கு வரி இல்லை, வெளியே எடுத்தால்தான் வரி, 2025இலிருந்து 22/78 என்ற விகிதம், அதாவது 78 யூரோ கையில் எடுத்தால் 22 யூரோ வரி. உண்மைதான். ஆனால் நீங்கள் புதுச்சேரியில் உட்கார்ந்து கம்பெனியை நடத்தினால் இந்திய வருமான வரிச் சட்டமும் உங்களைப் பார்க்கும், வெளிநாட்டில் பங்கு வைப்பதால் ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்ட விதிகளும் சேரும், வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்தைக் காட்டியாக வேண்டும். இரண்டு நாட்டுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது, அதை வாசிக்கத் தெரிந்த ஆடிட்டரை முதலில் பிடியுங்கள், விண்ணப்பம் பிறகு. வாடிக்கையாளர் எல்லாம் சென்னை, பெங்களூரு என்றால் அந்தப் பணத்தை நல்ல லேப்டாப்பில் போடுங்கள். எனக்கு ஜெர்மனியிலும் பின்லாந்திலும் வேலை தருகிறவர்கள் இருக்கும்வரை கார்டைப் புதுப்பிப்பேன். ஐந்துக்கு நான்கு.