படித்த மாநிலமா, பூர்வீக மாநிலமா? தனியார் பொறியியல் இடத்துக்கு எங்கள் வீட்டுக் கணக்கு

என் மகள் பெங்களூரில் பிறந்தவள். ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்ததும் அங்கேதான். எங்கள் பூர்வீகம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு கிராமம். பொறியியல் சேர்க்கை வந்தபோது இவள் எந்த மாநிலத்துப் பிள்ளை என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் இருந்தன, இரண்டுமே விதிப்படி சரியானவை. அதனால் இரண்டு மாநிலங்களிலும் விண்ணப்பித்தோம். கடைசியில் தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் கோவைப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் கணினி அறிவியல் இடம் எடுத்தோம். இன்று யாராவது கேட்டாலும் அதையே சொல்வேன்.

மாநிலமே பார்க்காத இடங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். விஐடி, பிட்ஸ் பிலானி போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் நுழைவுத் தேர்வின் அடிப்படையில் இடம் தருகின்றன. கிருஷ்ணகிரியா, கான்பூரா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் போட்டி நாடு முழுவதோடு. விஐடியில் கட்டணமும் தரவரிசைக்கு ஏற்ப ஐந்து படிகளாக ஏறுகிறது. மகளுக்குக் கிடைத்த தரவரிசையில் மேல்படிக் கட்டணம்தான் வந்தது, நாங்கள் விலகிக்கொண்டோம்.

அடுத்தது கர்நாடகம். அங்கே சொந்த மாநிலம் என்பதற்குப் பெரும்பாலும் படிப்புதான் சான்று. ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புக்குள் குறைந்தது ஏழு ஆண்டுகள் கர்நாடகத்தில் படித்திருந்தால் சிஇடி என்ற மாநில அரசின் பொது நுழைவுத் தேர்வு வழியாக அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குப் போட்டியிடலாம். வீட்டில் என்ன மொழி பேசுகிறோம் என்பது குறுக்கே வராது. இந்த நேர்மையை நான் மனதார மதிக்கிறேன். பெரும்பாலான தனியார் கல்லூரிகளில் ஏறக்குறைய 45 சதவீத இடங்கள் இந்த வழியில் நிரம்புகின்றன. வெளிமாநிலத்தவர் உள்ளே வர, தனியார் கல்லூரிகளின் கூட்டமைப்பு நடத்தும் காமெட்கே தேர்வு இருக்கிறது, ஆனால் அந்த வழியில் பல கல்லூரிகளின் ஆண்டுக் கட்டணம் இரண்டு லட்சத்தைத் தாண்டும். ஒரே வகுப்பறையில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருப்பவர்கள், ஒருவர் கட்டுவதைப்போல இரண்டு மடங்கு இன்னொருவர் கட்டுகிறார். சொந்த மாநிலம் என்பதன் எடை அங்கே பணமாகவே தெரிகிறது.

சிஇடியில் பள்ளி மதிப்பெண்ணுக்குப் பாதி, நுழைவுத் தேர்வுக்குப் பாதி. மகள் தேர்வு நாளில் இயற்பியலில் தடுமாறிவிட்டாள். அதைவிடப் பெரிய இடி வேறு. தமிழ்நாட்டில் நாங்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறோம். அந்தச் சாதிச் சான்றிதழ் ஓசூர் சோதனைச்சாவடியோடு நின்றுவிடுகிறது. கர்நாடகத்தில் அவள் பொதுப் பிரிவு. பதினெட்டு ஆண்டுகள் அங்கேயே வளர்ந்தவளுக்கு அந்த மாநிலம் தந்தது போட்டியிடும் உரிமை மட்டும்தான்.

தமிழ்நாட்டில் கணக்கு தலைகீழ். எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்தவர்களிடம் வேறு சான்று கேட்பதில்லை. வெளியே படித்த பூர்வீகத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நேட்டிவிட்டி சான்றிதழ், அதாவது பூர்வீகச் சான்றிதழ், கொடுக்க வேண்டும். அது கையில் இருந்தால் இட ஒதுக்கீடும் சேர்ந்தே வருகிறது. வெளிமாநிலத்தைப் பூர்வீகமாகக் கொண்டு இங்கே படித்த பிள்ளைக்கு விண்ணப்பிக்கும் தகுதி உண்டு, ஆனால் பொதுப் பிரிவில் மட்டும். இங்கே 69 சதவீதம் ஒதுக்கீட்டு இடங்கள். பொதுப் பிரிவுக்கு 31. அப்படிப் பார்த்தால் அந்த ஒரு தாளின் மதிப்பு புரியும். சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரிகள் 65 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதத்தையும் கலந்தாய்வுக்குக் கொடுக்கின்றன. நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதம் நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது என்று இருநூறுக்குக் கணக்கிடும் கட்-ஆஃப்தான் எல்லாம். மகளுக்கு 187 வந்தது.

அந்த நேட்டிவிட்டி சான்றிதழை வாங்கிய கதையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் கோட்டை விடுவது அங்கேதான். இ-சேவை மையத்தில் அறுபது ரூபாய் கட்டி விண்ணப்பித்தோம். கிராம நிர்வாக அலுவலர் நேரில் வரச் சொன்னார். நான் மகளின் பிறப்புச் சான்றிதழை நீட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை. "இது பெங்களூரு மாநகராட்சி கொடுத்தது சார். உங்கள் அப்பா இந்த ஊர்க்காரர் என்பதற்கு என்ன இருக்கிறது?" என்றார். அண்ணன் வீட்டு இரும்புப் பெட்டியிலிருந்து அப்பா பெயரில் இருந்த பட்டாவும், ஊர்ப் பள்ளியில் நான் வாங்கிய மாற்றுச் சான்றிதழும் வந்தன. மாற்றுச் சான்றிதழ் மடிப்பில் கிழிந்து நான்கு துண்டாக இருந்தது. அதை மேசைமேல் பொருத்திவைத்துப் படித்துவிட்டுத்தான் தாசில்தாருக்குப் பரிந்துரை போட்டார்.

பிறந்த இடமும் பூர்வீகமும் வேறு வேறு என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. சட்டத்தில் இது பழைய விஷயம். இந்தூர் மருத்துவக் கல்லூரி வெளிமாநில மாணவர்களிடம் மட்டும் தனிக் கட்டணம் வாங்கியதை எதிர்த்து டி.பி. ஜோஷி தொடுத்த வழக்கில், 1955இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு தடுப்பது பிறந்த இடத்தை வைத்துக் காட்டும் பாகுபாட்டை, வசிப்பிடம் அதில் சேராது. இன்றைக்கும் மாநிலங்கள் வகுக்கும் சேர்க்கை விதிகள் அந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கின்றன. ஏழு ஆண்டுப் படிப்பு என்று கர்நாடகம் கேட்பதும் அதனால்தான்.

கட்டணத்திலும் தமிழ்நாடே எங்களுக்குத் தோதாக இருந்தது. 2017இல் கட்டணக் குழு நிர்ணயித்தபடி கலந்தாய்வு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. விடுதிச் செலவு தனி. அதைச் சேர்த்தும் காமெட்கே கட்டணத்தைவிடக் குறைவாகவே வந்தது.

பெங்களூரில் வீடு இருக்கிறது, ஒதுக்கீட்டுச் சான்றிதழ் எதுவும் இல்லை, பிள்ளைக்கு நுழைவுத் தேர்வு நன்றாக வரும் என்றால் சிஇடிதான் நல்லது. வீட்டுச் சாப்பாட்டோடு படிக்கலாம், பயிற்சிக்கான நிறுவனங்களும் அதே ஊரில் இருக்கின்றன. நான் பேசுவது ஒரு பிள்ளையின் ஓராண்டு அனுபவத்தை வைத்து, அதுவும் பொறியியலுக்கு மட்டும். விதிகளை ஒவ்வோர் ஆண்டும் புதிய கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகன் இப்போது பெங்களூரில் எட்டாம் வகுப்பு படிக்கிறான். ஏழு ஆண்டுப் படிப்புச் சான்றைப் பள்ளியில் இப்போதே வாங்கிவிட்டேன். அப்பாவின் பட்டா நகலும், கண்ணாடித் தாளுக்குள் ஒட்டிவைத்த என் மாற்றுச் சான்றிதழும் அதே உறையில் இருக்கின்றன.