பிக்ப்ளூபட்டன் 3.0: கண்ணில் படுவதைவிட உள்ளே மாறியது அதிகம்

ஆன்லைன் வகுப்புகளுக்கான மென்பொருளான பிக்ப்ளூபட்டனின் 2.7 பதிப்பில் பாடம் நடத்திப் பழகியவர்கள் 3.0-க்கு வந்ததும் முதலில் கவனிப்பது சாட் பகுதியைத்தான். குறிப்பிட்ட ஒரு செய்திக்கு மட்டும் பதில் எழுதலாம், அனுப்பியதைத் திருத்தலாம், நீக்கலாம், எமோஜி போடலாம். ஐம்பது பேர் வகுப்பில் எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்ற குழப்பம் இதனால் பெருமளவு தீர்கிறது. ஒயிட்போர்டும் இப்போது ஸ்லைடின் ஓரத்தோடு நிற்பதில்லை. நீண்ட கணக்கை இடம் போதாமல் அழித்து அழித்து எழுத வேண்டியதில்லை.

சிலது காணாமலும் போயிருக்கிறது. மாணவர் ஒருவரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கும் வசதியும், தட்டச்சு செய்து காட்டும் வசன வரிகளும் மென்பொருளிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி ப்ளகின்களாகிவிட்டன (தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள்). சர்வர் பொறுப்பாளர் அவற்றை நிறுவி, ப்ளகினை விவரிக்கும் மேனிஃபெஸ்ட் ஃபைலின் முகவரியை சர்வரின் கான்ஃபிக்கில் (அமைப்பு ஃபைலில்) சேர்த்தால்தான் மெனுவில் தெரியும். இதை ஆசிரியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் நாளே புகார் வரும்.

உண்மையான மாற்றம் அடித்தளத்தில். 2.x வரிசை மீட்டியோர் என்ற வெப் ஃப்ரேம்வொர்க், மாங்கோடிபி என்ற டேட்டாபேஸ் இரண்டின் மேல் நின்றது. மீட்டியோரை இயக்கும் நோட் ப்ராசஸ் ஒன்று சிபியுவின் ஒரே கோரில்தான் ஓடும். 2.3-இல் அதைப் பல ப்ராசஸ்களாகப் பிரித்த பிறகும், வகுப்பு தொடங்கும் நிமிடத்தில் எல்லாரும் ஒன்றாக நுழைந்தால் சிபியு திணறும். 3.0-இல் அந்த இடத்துக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும், அதிலுள்ள தரவை கிராஃப்க்யூஎல் என்ற வினவல் மொழி வழியே தரும் ஹசூராவும் வந்திருக்கின்றன. மீடியா பக்கம் குரெண்டோ என்ற பழைய மீடியா சர்வரும் நீக்கப்பட்டுவிட்டது. இந்த அப்டேட்டுக்கு மாறுவதற்கு இவையே போதுமான காரணம். சாட் வசதிகள் கூடுதல் லாபம்.

ஆனால் இருக்கிற சர்வரிலேயே அப்டேட் செய்ய முடியாது. 2.7 உபுண்டு லினக்ஸ் 20.04-இல் ஓடுவது, 3.0-க்கு 22.04 வேண்டும். புது மெஷின் எடுத்து, இன்ஸ்டால் ஸ்கிரிப்டை ஓட்டி, சோதித்த பிறகு டிஎன்எஸ்ஸை (சர்வரின் பெயரை அதன் ஐபி முகவரியோடு இணைக்கும் பதிவை) மாற்றுவதே சரியான வழி. ஹோஸ்ட்நேம், அதாவது சர்வரின் பெயர், பழையதாகவே இருக்கட்டும். அப்போது பழைய ரெக்கார்டிங் இணைப்புகள் உடையாது. ரெக்கார்டிங்குகளை நகலெடுத்ததும் ஃபைல்களின் உரிமையாளரைப் பாருங்கள். இரு மெஷின்களிலும் பிக்ப்ளூபட்டன் யூசரின் எண் வேறாக இருக்கக்கூடும். அப்படியானால் ரெக்கார்டிங்கை நீக்கவோ மறுபடி ப்ராசஸ் செய்யவோ முடியாமல் போகும். புது சர்வருக்கு ஷேர்டு சீக்ரெட்டும் (மற்ற மென்பொருள்கள் சர்வரோடு இணையப் பயன்படுத்தும் ரகசியச் சாவி) புதிது. மூடுல் என்ற பாட மேலாண்மைத் தளத்தில் அதை மாற்ற மறந்தால், சாவி பொருந்தாததைக் காட்டும் செக்சம் பிழைதான் வரும்.

பழைய கான்ஃபிக்கை அப்படியே ஒட்டாதீர்கள். அடித்தளமே மாறியதால் சில அமைப்புகளுக்கு இப்போது பொருளில்லை. வெறும் ஃபைலில் தொடங்கி, தேவையானதை மட்டும் சர்வரின் ஈடிசி (/etc) ஃபோல்டரின் கீழுள்ள பிக்ப்ளூபட்டன் ஃபோல்டரில் எழுதுங்கள். மூல ஃபைல்களில் கைவைத்தால் அடுத்த பேக்கேஜ் அப்டேட்டில் எல்லாம் அழிந்துவிடும்.

ஆடியோ இணையும்போது 1007 பிழை வந்தால் பெரும்பாலும் ஃபயர்வாலில் யுடிபி போர்ட்டுகள் 16384 முதல் 32768 வரை திறக்கவில்லை என்று பொருள். பயனரின் அலுவலக நெட்வொர்க் யுடிபியையே தடுக்கிறதென்றால் 443 போர்ட்டில் டர்ன் சர்வர் (ஆடியோ, வீடியோவை இடைநின்று கடத்தும் சர்வர்) வேண்டும்.

லைவ்கிட் என்ற இன்னொரு மீடியா சர்வருக்கான ஆதரவும் வந்திருக்கிறது, ஆனால் விருப்பத் தேர்வாக. வழக்கமாக ஆடியோவைக் கையாளும் ஃப்ரீஸ்விட்ச் எல்லாருடைய குரலையும் சர்வரிலேயே கலக்கும், அதற்கு சிபியு செலவாகும். லைவ்கிட் கலக்காமல் அப்படியே கடத்திவிடும். மீட்டிங் உருவாக்கும்போதே ஆடியோ, கேமரா, ஸ்கிரீன்ஷேர் மூன்றுக்கும் தனித்தனியாகத் தேர்வு செய்யலாம் என்பதால் ஒரே ஒரு வகுப்பில் சோதித்துவிட்டு விரிவாக்குவது நல்லது.

எதை மாற்றினாலும் வெப்கேம் கணக்கு மாறாது. 30 பேரும் கேமரா போட்டு எல்லாரும் எல்லாரையும் பார்த்தால் சர்வரிலிருந்து வெளியேறுபவை 870 ஸ்ட்ரீம்கள். ஒரு பக்கத்துக்கு ஆறு கேமரா என்று பிரித்துவைத்தால் அது 180 அளவில் அடங்கும். வகுப்பு திணறினால் மெஷினைப் பெரிதாக்குவதற்கு முன் முதலில் கைவைக்க வேண்டிய இடம் இது.